மஞ்சுமானைப் பழக்கும் விதி

ஹான்காக், மிச்சிகன்
2 ஏப்ரல் 1998

அன்புள்ள அண்ணன் தவுனோவுக்கு,

நான் நலம். நீயும் உன் கப்பலும் உன் இடது முழங்காலும் நலமா? ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டதா?

இந்த வருஷம் மூன்று நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டாய். ஏலக்காய் ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வரவும் நீ பஸ் ஏறவும் சரியாக இருந்தது. உன் பங்கை எவரெட் தின்றான். ஆணிக்கடை வைத்திருக்கிறவனுக்கு அந்தப் பசி எங்கிருந்து வருகிறதோ.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை தேவாலயத்து நிலவறையில் நாங்கள் ஆறு பேர் ஆடும் பகடைக் கதை உனக்குத் தெரியும். நான் கதை சொல்வேன், அவர்கள் அதற்குள் ஆட்களாக இருப்பார்கள், யாருக்கும் தெரியாததைப் பகடை சொல்லும். இருபது வருஷமாக மிருகங்களைக் கொன்றுகொண்டே இருக்கிறோம். போன வாரம் கதையில் வந்த ஒரு மிருகத்தின் மேல் எவரெட் வாளை ஓங்கிவிட்டான். அப்போது டார்லீன், "ஏய், நிறுத்து! அது குளிர்ல நடுங்குதுன்னு இப்பதானே சொன்னா? நாம கூட்டிட்டுப் போயி வளக்கலாமா?" என்றாள்.

அதற்கு எங்களிடம் விதி இல்லை. ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு. யாரையும் கொல்லாத ஆட்டம். மிருகத்தைத் தேடிப் போக வேண்டும், பழக்க வேண்டும், அதோடு ஊர் ஊராக நடக்க வேண்டும். மிருகங்கள் என்னிடம் வரத் தொடங்கிவிட்டன. பழைய செம்புச் சுரங்கத்தில் வாழும் தாமிரத்தவளை. சவ்னா நீராவிக் குளியலறையின் அடுப்புக்குள் உறங்கும் உலைப்பூனை. ஏரி மூடுபனியிலிருந்து இறங்கி வரும் மஞ்சுமான். கொம்பு இருக்கும் இடத்தில் அதற்கு ஈரம் மட்டும்தான்.

மிருகம் என்னுடையது. விதி உன்னுடையது. பதினாலு வயதிலிருந்து நீதானே விதிக்காரன். நவம்பர் பதினாலாம் தேதி துலூத்தில், வீட்டிலேயே புது ஆட்டம் உருவாக்குகிறவர்கள் கூடுகிறார்கள். எனக்கு ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறார்கள். ஏமாற்றிவிடாதே.

உன் தங்கை,
ஹில்யா


'ஹாரிசன் வோக்ட்' கப்பல்
23 ஏப்ரல் 1998

அன்புள்ள ஹில்யாவுக்கு,

முழங்கால் முனகுகிறது, மற்றபடி சுகம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் கிடைத்தது. தபால் படகு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வர, மேலிருந்து வாளியைக் கயிற்றில் இறக்கினோம்.

நான்கு தாள் இணைத்திருக்கிறேன். எட்டு இன மிருகங்கள்: நெருப்பு, பனி, உலோகம், மூடுபனி, இப்படி. எது எதற்கு அஞ்சும் என்று எட்டுக்கு எட்டு, அறுபத்து நாலு கட்டம் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஆறு எண். பழக்க வேண்டுமானால் இரண்டு பகடை உருட்டி, பொறுமையைக் கூட்டி, அதன் முரட்டுத்தனத்தைத் தாண்ட வேண்டும். எழுத்து பொடியாக இருக்கும். தாள் பற்றவில்லை.

இன்று காலை முழுக்க மூடுபனி. கப்பலின் முன்பக்கம் எனக்குத் தெரியவில்லை. எங்கோ தண்ணீருக்குப் பக்கத்தில் ஏதோ மூச்சு விட்டது. ஆர்வில், எங்கள் சுக்கான்காரன், அது மிதவைமணி என்கிறான். அவனுக்குக் கற்பனை கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தவுனோ


ஹான்காக்
11 மே 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்காலுக்குச் சூடு வை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் நான்கு தாளையும் அடுப்பு மூட்ட வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. பனியைப் பிளந்துகொண்டு மஞ்சுமான் எதிரே வந்து நிற்கிறது. ஆட்டக்காரன் என்ன செய்கிறான்? குனிந்து கட்டத்தில் விரல் வைத்துத் தேடுகிறான். அதற்குள் மான் போயே போய்விடும்.

அட்டவணை வேண்டாம். தாளே வேண்டாம். ஒரு மிருகத்துக்கு ஒரே ஒரு எண், ஒரே ஒரு ஆசை. தவளைக்கு மூன்று, அதற்கு வேண்டியது தாளம். பூனைக்கு நான்கு, அதற்கு வேண்டியது யாராவது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. மானுக்கு ஆறு. அதன் ஆசை என்னவென்று எனக்கே தெரியவில்லை. நம்பிக்கை வளர வளர ஆட்டக்காரன் ஒரு நூலில் மணி கோத்துக்கொள்ளட்டும். விதி முழுவதும் தலைக்குள் அடங்க வேண்டும்.

உன்னால் முடியும்.

ஹில்யா


'ஹாரிசன் வோக்ட்'
2 ஜூன் 1998

அன்புள்ள ஹில்யாவுக்கு,

நலம். உன் நலம் கேட்க எனக்கு இப்போது மனமில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

அறுபத்து நாலு கட்டம்! மூன்று காவல் நேரம் உட்கார்ந்து போட்டேன். நீ கழுதை. இரண்டு நாள் கழித்துத்தான் நீ சொன்னது சரி என்று தோன்றியது.

புதிய விதி: மிருகத்தின் ஆசையைக் கண்டுபிடித்துச் சொன்னால் இரண்டு பகடை, இல்லாவிட்டால் ஒன்று. எண்ணைத் தொட்டால் ஒரு மணி. தொடாவிட்டால் மிருகம் ஒரு அடி பின்வாங்கும், ஓடாது. அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

நான் இப்போது மேல்தளத்தில் இல்லை, சமையலறைக்கு மாறிவிட்டேன். சமையல்காரி வெர்னாவுக்கு உருளைக்கிழங்கு உரிக்க ஆள் வேண்டுமாம். பகல் வேலை, சூடான இடம், முழங்காலுக்கும் நல்லது. மத்தியானம் ஆர்வில் காபி குடிக்க வந்தபோது அவனிடமும் வெர்னாவிடமும் ஆடிப் பார்த்தேன்.

"தவளைய நான் என்ன பண்ணணும்?" என்றான் ஆர்வில்.

"பழக்கணும்."

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

வெர்னா கரண்டியால் அவன் தலையில் தட்டினாள். "மேசையைத் தட்டுய்யா. தாளம் வேணுமாம் அதுக்கு. கதையக் கேக்கவே இல்லையா நீ?"

தட்டினான். பகடை விழுந்தது. ஒரு மணி நேரத்தில் கற்பனையே இல்லாத அந்த மனுஷன், "இதுக்குப் பேரு வைக்கலாமா? மார்லின்னு வைக்கிறேன். விட்டுட்டுப் போனவ பேரு. இதாவது இருக்கட்டும்" என்றான். இப்போது சுக்கான் அறையில் நின்றுகொண்டு தாளம் போடுகிறான்.

தவுனோ


ஹான்காக்
8 ஜூலை 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். மார்லினுக்கும்.

தட்டச்சில் வருகிறதே என்று பார்க்காதே. எவரெட் கடையில் ஒரு பழைய பொறி சும்மா கிடந்தது. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று நீதான் எப்போதும் சொல்வாய்.

விதி அழகாக இருக்கிறது. வியாழக்கிழமை ஆடினோம், யாரும் குனியவே இல்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, அவ்வளவு அமைதி. டார்லீன் உலைப்பூனையின் பக்கத்தில் கால் மணி நேரம் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம்.

ஒன்று கேட்பேன். புள்ளி தடவிப் பார்த்தால் தெரியும் பகடை செய்ய முடியுமா? நிலவறையில் விளக்கு மங்கல், கீழே விழுந்தால் தேடுவது கஷ்டம். மணிகளும் ஒரே நிறத்தில் இருக்கட்டும், அளவு மட்டும் மாறட்டும்.

(இங்கே இரண்டு வரி முழுக்க எழுத்து மாறி, பொருளற்று இருந்தது.)

பழகிய மிருகத்துக்கும் ஒரு விதி வேண்டும். எத்தனை மணி இருந்தாலும் அது ஒரு முறை 'மாட்டேன்' என்று நிற்கலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. பகடையும் உருட்டக் கூடாது.

ஹில்யா


'ஹாரிசன் வோக்ட்'
29 ஜூலை 1998

அன்புள்ள ஹில்யாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். பகடை நான்கு அனுப்புகிறேன். எஞ்சின் அறையில் மரக்கட்டையை அறுத்துப் பித்தளைக் குண்டூசி அடித்தேன். ஒரு பக்கம் கனம் கூடிவிடாமல் இருக்கத் துளை ஆழத்தை மாற்ற வேண்டியிருந்தது. முந்நூறு முறை உருட்டி எழுதிப் பார்த்துவிட்டேன், நேர்மையான பகடை.

உன் கடிதத்தின் நடுவில் இரண்டு வரி ஏதோ தவளை மொழியில் இருந்தது. பொறிக்கு எண்ணெய் போடு.

'மாட்டேன்' விதி தப்பு. ஐந்து மணி கோக்க ஒருவன் மூன்று மாலை உழைக்கிறான். கடைசியில் மிருகம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவன் மேசையை விட்டு எழுந்து போவான். ஐந்து மணி இருந்தால் சொன்னதை அது கேட்டே ஆக வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

தவுனோ


'ஹாரிசன் வோக்ட்'
8 செப்டம்பர் 1998

அன்புள்ள ஹில்யாவுக்கு,

சுகமா? டெட்ராய்ட்டைத் தாண்டி மூன்று முறை போய்விட்டோம். வாளி மூன்று முறையும் எனக்கு ஒன்றும் இல்லாமல் ஏறியது.

விதிக்காக நீ இவ்வளவு நாள் கோபித்துக்கொள்கிறவள் இல்லை. சரி, 'மாட்டேன்' என்பதற்கு ஒரு மணியைக் கழித்துக்கொள்ளலாம். அதுவரை இறங்கி வருகிறேன்.

ஏரியில் நிறம் மாறத் தொடங்கிவிட்டது. காலையில் தண்ணீரும் வானமும் ஒன்றாகி, கப்பல் எதன் மேலும் இல்லாமல் போகிறது. மஞ்சுமான் இப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன், காலுக்குக் கீழே ஒன்றும் கேட்காமல்.

ஒரு வரி எழுது.

அண்ணன்


ஹான்காக்
1 அக்டோபர் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம் என்று தொடங்கித்தான் பழக்கம். இந்த முறை அப்படித் தொடங்கவில்லை.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி நிலவறைப் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். படி இன்னும் ஒன்று இருந்தது, எனக்குத் தெரியவில்லை. கை கூடிவிட்டது. கண் கூடாது. அம்மாவுக்கு வந்ததேதான். இரண்டு வருஷமாக இருட்டில் ஒன்றும் தெரிவதில்லை. இப்போது பகலிலும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது, அந்தக் குழாயும் சுருங்குகிறது. உன் பொடி எழுத்தை மே மாதத்திலேயே என்னால் படிக்க முடியவில்லை. டார்லீன்தான் வாசித்தாள். அடுப்பில் போடவில்லை, பெட்டியில் இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மாவுக்குப் பார்வை போனதும் நாம் என்ன செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? நாற்காலியை இழுத்துப் போட்டோம். "அம்மா, உக்காரு. நாங்க பாத்துக்கறோம்." அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அம்மாவோடு சண்டை போடவே இல்லை. அவள் குழம்பில் உப்பு கூட என்று யாரும் சொல்லவில்லை. ஆறு வருஷம் அவள் சொன்னதெல்லாம் சரி.

நீ என்னைக் கழுதை என்று எழுதியிருந்தாய். டார்லீன் வாசிக்கத் தயங்கினாள். நான் நாலு முறை வாசிக்கச் சொன்னேன்.

துலூத் போகிறேன். 'மாட்டேன்' விதி அப்படியே இருக்கும், மணி கழிக்க மாட்டேன்.

ஹில்யா


'ஹாரிசன் வோக்ட்'
13 அக்டோபர் 1998

அன்புள்ள ஹில்யாவுக்கு,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? டார்லீனுக்கு வணக்கம், அவள் இதை வாசிக்கட்டும், பரவாயில்லை.

எனக்குத் தெரியும். மார்ச்சில் நீ காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாய். துடைத்துக்கொண்டே சிரித்தாய். அன்று மாலையே பெட்டி கட்டினேன். அம்மாவுக்கு நடந்ததை இன்னொரு முறை உட்கார்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. கோழைத்தனம், வேறு பெயர் இல்லை.

ஜூலையில் வந்த அந்த இரண்டு வரியையும் படித்தேன். உன் விரல்கள் ஒரு கட்டை தள்ளி இறங்கியிருந்தன. ஒவ்வொரு எழுத்தையும் இடப்பக்கம் நகர்த்தினேன். புளூபெர்ரி பழுத்துவிட்டது, எவரெட் ஒரு வாளி கொண்டுவந்தான், அவ்வளவுதான். கண் தெரிகிறவள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பாள். அப்போதும் நான் கேட்கவில்லை. பகடை செய்தேன்.

ஆனால் ஒன்று. நான் சண்டை போட்டது உன் மேல் இரக்கப்பட்டு இல்லை. உன் விதி உண்மையிலேயே மோசம்.

நவம்பர் பதினாலாம் தேதி தாது ஏற்ற நாங்கள் துலூத்துக்குத்தான் வருகிறோம். ஆறு மணி நேரம் கரையில் கிடைக்கும். உன் மேசையில் எனக்கு ஒரு இடம் வை.

தவுனோ


ஹான்காக்
20 நவம்பர் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாகக் கரை சேர்ந்ததை எவரெட் துறைமுகத்தில் கேட்டுச் சொன்னான். அன்று காற்று உங்களை வெளியே நங்கூரத்திலேயே நிறுத்திவிட்டது என்றும் சொன்னான். இடம் வைத்திருந்தேன். நான்கு மணிவரை காலியாக இருந்தது, பிறகு பெரியவர் ஒருவர் உட்காரலாமா என்று கேட்டார். பாலம் கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம்.

எண்பது பேர் இருக்கும் கூடம். பக்கத்து மேசைகளில் கூச்சல், பகடைச் சத்தம். நான் குரலை உயர்த்தவில்லை. இறக்கினேன். மூடுபனி ஏரியிலிருந்து எப்படி ஏறுகிறது, கூழாங்கல்லில் ஈரம் எப்படி மணக்கிறது என்று சொல்லச் சொல்ல என் மேசையில் இருந்த ஏழு பேரும் மேசைமேல் சாய்ந்துவிட்டார்கள். அவர்கள் மூச்சு என் கையில் பட்டது. மான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு தெளிவாக எதுவும் தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதன் காதோரத்தில் பனி திரண்டு சொட்டியது.

மானைப் பழக்கியது அந்தப் பெரியவர்தான். நூலில் ஐந்து மணி கோத்துவிட்டார். உறைந்த ஏரியைக் கடக்க வேண்டும் என்றார். மான் நின்றுவிட்டது.

"மாட்டேங்குது," என்றேன்.

"அஞ்சு மணி இருக்கு எங்கிட்ட! கேட்டாகணும்ல?"

"மாட்டேங்குதுங்க."

"இதென்னம்மா விதி? முட்டாள்தனமா இருக்கு!" நாற்காலி பின்னுக்குப் போனது. எழுந்து போய்விட்டார். நீ சொன்னது சொன்னபடி நடந்தது.

கொஞ்ச நேரத்தில் காபி வாசனை வந்தது. பின்னாலேயே அவர் குரல். "அது இன்னும் அங்கயேதான் நிக்குதா?"

"நிக்குது."

"நான் போயிட்டேன்ல. அப்பவும் நிக்குதா?"

"நிக்குது."

அவர் உட்கார்ந்தார். "சரி. அப்ப நானும் நிக்கிறேன்."

அப்போதுதான் தெரிந்தது, 'மாட்டேன்' என்றாலும் விட்டுப் போகாத ஒருவர்தான் மானின் ஆசை என்று. மானும் அவரும் கரையோரமாகவே சுற்றி நடந்தார்கள். நடுவில் பனிக்கட்டி விரியும் சத்தத்தைச் சொன்னேன். யாரோ ஒரு பெண் மெல்ல, "கடவுளே," என்றாள்.

முடிந்ததும் புத்தகம் விலைக்குக் கேட்டார்கள். புத்தகம் இல்லை, தலையில்தான் இருக்கிறது என்றேன். "சொல்லுங்க, எழுதிக்கறேன்," என்றார் பெரியவர். இருபத்திரண்டு வரிதான் வந்தது. அதில் 'விதிகள்: தவுனோ கெம்பைனன்' என்று போடச் சொன்னேன். ஒரு விதி தவிர.

ஹில்யா


'ஹாரிசன் வோக்ட்'
6 டிசம்பர் 1998

அன்புள்ள ஹில்யாவுக்கு,

இதை டார்லீனிடம் கொடுக்காதே. தடித்த மைப்பேனாவில் உள்ளங்கை அகலத்துக்கு எழுதுகிறேன், தாள் எத்தனை ஆனாலும் சரி. நீயே படி, மெதுவாகப் படி.

அக்டோபரில் பாதிதான் சொன்னேன். நான் ஓடியது உன்னைப் பார்த்துப் பயந்து மட்டுமில்லை. என்னைப் பார்த்தும்தான். போன குளிர்காலத்திலேயே சவ்னாவிலிருந்து வீட்டுக்கு வரும் வழி எனக்குத் தெரியவில்லை. பனிச்சுவரைத் தடவிக்கொண்டு வந்தேன். நீ ஜன்னலில் நின்றாய், பார்த்திருப்பாய் என்று நினைத்தேன். உனக்கும் தெரிந்திருக்காது, இல்லையா?

மே மாதம் ஒரு மாலை, தளத்தில் சரக்கறை மூடி திறந்து கிடந்தது. நாற்பது அடி ஆழம். ஒரு காலை அதற்குள் வைத்துவிட்டேன். ஆர்வில் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். "ஏண்டா, கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்றான். நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் உருளைக்கிழங்கு.

போன வாரம் கிளீவ்லாண்டில் மருத்துவர் பார்த்தார். அம்மாவுடையதுதான். பகலில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. இருட்டில் பார்வை முழுக்கப் போய்விட்டது. கேப்டனிடம் சொல்லிவிட்டேன். நல்ல மனுஷன், கை குலுக்கினார். ஜனவரி பதினைந்தில் குளிருக்காகக் கப்பல் மதகை மூடியதும் இறங்கிவிடுவேன். மார்ச்சில் திரும்ப ஏற மாட்டேன்.

இருபத்து மூன்று வருஷம் தண்ணீரில். வேறு என்ன தெரியும் எனக்கு? நீ எப்படி அந்தக் கூடத்துக்குள் நடந்து போனாய்? அதை மட்டும் எழுது.

அண்ணன்


ஹான்காக்
15 டிசம்பர் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

பதினேழு தாள். பூதக்கண்ணாடியை வைத்து ஒரு மத்தியானம் முழுக்க நானே படித்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. திறந்த மூடிக்குள் காலை வைத்துவிட்டு எனக்கு உருளைக்கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறாய். பிறகு என்னையே நினைத்தேன், வாயை மூடிக்கொண்டேன். ஒருவரை ஒருவர் எட்டு மாதம் அழகாக ஏமாற்றியிருக்கிறோம்.

கூடத்துக்குள் எப்படிப் போனேன் என்று கேட்டாய். டார்லீனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனேன், இரண்டு பேரை இடித்தேன், ஒரு கோட்டிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆணியில் தொங்கிய கோட்டு. அவ்வளவுதான். வேறு வித்தை எதுவும் இல்லை.

உனக்காக நாற்காலி எதுவும் இழுத்துப் போட மாட்டேன். விறகு நீதான் வெட்ட வேண்டும், பகலில். அந்தப் பெரியவர் எழுதிய தாளை மூன்று ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பத்து மிருகம் வேண்டுமாம். விதி பற்றி உன்னோடு பேச நிறைய இருக்கிறது, பெரும்பாலும் நீ தோற்பாய்.

ஜனவரி பஸ் இரவு ஏழரைக்கு வருகிறது. அந்நேரம் இங்கே நன்றாக இருட்டியிருக்கும், நடைபாதையெல்லாம் பனிக்கட்டி. எவரெட் கடையிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை நூற்றுப் பன்னிரண்டு காலடி. இந்த இரண்டு வருஷத்தில் இருட்டில் நடக்கப் பழகிவிட்டேன், உனக்கு இன்னும் பழக்கமில்லை. அதனால் அவசரப்படாதே. பஸ்ஸின் கடைசிப் படியிலேயே நில்.

நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் தங்கை,
ஹில்யா